முதல் ஐந்து கவளம்: சாப்பாடு ருசிக்கவில்லை என்று கேட்ட தம்பிக்கு

கோலாலம்பூரில் கே.எல். சென்ட்ரல் பக்கம் வேலை பார்க்கும் 34 வயதுத் தம்பி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "அக்கா, தினமும் மத்தியானம் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. ஹேண்ட்போனைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறேன். வயிறு நிறைகிறது. ஆனால் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நாலு மணிக்கே வாய் எதையாவது தேடுகிறது. வீட்டில் மனைவி சமைப்பதும் முன்பு போல ருசிக்கவில்லை. மைண்ட்ஃபுல் ஈட்டிங், அதாவது முழுக் கவனத்தோடு சாப்பிடுவது என்கிறார்களே, அதில் பலன் உண்டா? நம் சாப்பாட்டுக்கு ஒத்துவருமா? அம்மாவுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிறது. அவருக்கும் சொல்லலாமா?"

தம்பி, பலன் உண்டு. நம் சாப்பாட்டுக்கு ஒத்துவருமா என்ற சந்தேகமே வேண்டாம். இலை போட்டு, கையால் பிசைந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு இது மற்றவர்களைவிட எளிது. நான் 26 வருடம் மருத்துவமனையில் டயட்டீஷியனாக இருந்தேன். என் அறைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் "எதைச் சாப்பிடக் கூடாது?" என்றுதான் கேட்டார்கள். "சாப்பாடு ருசிக்கவில்லை, என்ன செய்வது?" என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எனக்கு அந்தக் கேள்விதான் பெரியது. அதனால் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

டுரியான் சீசனில் கடை முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பீர்கள். அப்போது ஹேண்ட்போன் எங்கே இருந்தது? பழத்தைப் பிளந்ததும் முகர்ந்து பார்க்கிறோம். சுளையைத் தொட்டு, பதமாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். முதல் வாய் வைத்ததும் "இது கொஞ்சம் கசக்குது, போன பழம் வெறும் இனிப்பு" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறோம். முசாங் கிங் நல்லதா, டி24 நல்லதா என்று வாதாடுகிறோம். கையெல்லாம் பிசுபிசுப்பு, போனை எடுக்கவும் முடியாது. ஒரு சுளைக்கும் அடுத்த சுளைக்கும் நடுவே இடைவெளி தானாக வந்துவிடுகிறது. போன வருடம் சாப்பிட்ட ஒரு நல்ல பழம் இன்றும் உங்களுக்கு நினைவில் இருக்கும். போன செவ்வாய்க்கிழமை மத்தியானச் சோறு நினைவில் இருக்காது. மைண்ட்ஃபுல் ஈட்டிங் என்று பெரிய பேராகச் சொல்வது அந்த டுரியான் கடையில் நீங்கள் ஏற்கெனவே செய்வதைத்தான். அதைச் சோற்றுக்கும் கொண்டுவர வேண்டும்.

இந்தப் பயிற்சி அமெரிக்காவில் பரவியதில் ஜான் கபட்-ஜின் என்பவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், நாள்பட்ட வலியோடு இருப்பவர்களுக்காக ஒரு வகுப்பைத் தொடங்கினார். பௌத்தத் தியான முறைகளிலிருந்து எடுத்த பயிற்சிகள் அதில் இருந்தன. அவற்றில் பிரபலமானது, ஒரே ஒரு உலர்திராட்சையைக் கையில் வைத்துப் பார்த்து, தடவி, முகர்ந்து, நாக்கில் வைத்து, நிமிடக்கணக்கில் நேரம் எடுத்து உண்பது. ஒரு தடவை செய்து பார்க்க நல்லதுதான். நானும் நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் வகுப்பில் திராட்சையை அவ்வளவு நிதானமாகச் சாப்பிட்டவர்கள், கீழே கண்டீனுக்குப் போய் நாசி லெமாக்கை ஐந்தே நிமிடத்தில் முடித்தார்கள். பயிற்சி ஒரு பக்கம், சாப்பாடு ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது. அதனால் திராட்சையை விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு எல்லோருக்கும் ஒன்றைத்தான் சொல்லி வருகிறேன்: தினமும் ஒரு வேளை, முதல் ஐந்து கவளம். அந்த ஐந்தையும் முழுக் கவனத்தோடு சாப்பிடுங்கள். ஆறாவது கவளத்திலிருந்து உங்கள் விருப்பம்.

ஏன் முதல் ஐந்து என்பதற்கு வருகிறேன். அதற்கு முன்னால், ருசி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்று ராத்திரி வீட்டில் ரசம் இருந்தால் ஒரு கரண்டி எடுத்து, மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயில் விடுங்கள். புளிப்பு தெரியும், உப்பு தெரியும், மிளகின் எரிச்சல் தெரியும். மற்றபடி வெறும் புளித்தண்ணீர் மாதிரி இருக்கும். ரசம் வாயில் இருக்கும்போதே மூக்கை விடுங்கள். சீரகம், பூண்டு, பெருங்காயம், கொத்தமல்லி எல்லாம் ஒரே நொடியில் வந்து நிற்கும். நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (கருவாட்டில் தெரியும் நிறைவான ருசி) என்ற ஐந்துதான். நாம் ருசி என்று சொல்வதில் மீதிப் பெரும்பகுதி வாசனை. மெல்லும்போது கிளம்பும் வாசனை, மூச்சு வெளியே போகையில் தொண்டையின் பின்பக்கமாக மேலேறி மூக்குக்குள் போய்ச் சேர்கிறது. கோவிட் காலத்தில் மோப்பம் போனவர்கள் "அட்டையைத் தின்கிற மாதிரி இருக்கு" என்று சொன்னது நினைவிருக்கும்.

இது தெரிந்துவிட்டால் உங்கள் பத்து நிமிடச் சாப்பாட்டில் என்ன குறை என்று புரியும். மெல்லாமல் விழுங்கினால் வாசனை கிளம்பவே நேரமில்லை. வாய் நிறையத் திணித்தால் அது மேலே போக வழியில்லை. நான் சொல்லிக்கொடுக்கும் முதல் வித்தை இதுதான்: வாயை மூடி நன்றாக மென்று விழுங்குங்கள், விழுங்கியதும் அடுத்த கவளத்தை எடுக்காமல் ஒரே ஒரு மூச்சை மூக்கு வழியாக மெதுவாக வெளியே விடுங்கள். குழம்பின் வாசம் அந்த மூச்சில்தான் முழுசாக வரும். ஒரு மூச்சுக்கு மூன்று நொடிதான் ஆகும். ஐந்து கவளத்துக்குப் பதினைந்து நொடி. அவசர வேலையில் இருப்பவருக்கும் இது முடியும்.

எத்தனை தடவை மெல்ல வேண்டும் என்று கேட்பார்கள். 32 தடவை என்று ஒரு கணக்கு ரொம்ப நாளாகச் சுற்றிவருகிறது. எண்ணிக்கொண்டே சாப்பிட்டால் கவனம் எண்ணிக்கையில் போய்விடும், ருசி அங்கேயும் தவறிவிடும். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று சொன்ன நம் ஆட்கள் கணக்கு எதுவும் சொல்லவில்லை. வாயில் இருப்பது சோறா காயா என்று நாக்கால் பிரிக்க முடியாத பதம் வரும்வரை மென்றால் சரி.

இப்போது அந்த ஐந்துக்கு வருவோம். ஒரே பண்டத்தைச் சாப்பிடச் சாப்பிட அதன் மேல் உள்ள ஆசை குறைந்துகொண்டே போகும், ஆனால் வேறொரு பண்டத்தின் மேல் உள்ள ஆசை அந்த அளவுக்குக் குறையாது. பார்பரா ரோல்ஸும் உடன் வேலை செய்தவர்களும் 1981-இல் இதை ஆய்வு செய்து வெளியிட்டார்கள். கல்யாண வீட்டில் "இனி ஒரு பருக்கைகூட இறங்காது" என்று சொன்னவர், பாயசம் வந்ததும் டம்ளரை நீட்டுவது இதனால்தான். ஆக, எந்தப் பண்டத்துக்கும் அதன் தொடக்கத்தில்தான் ருசி அதிகம். அந்தத் தொடக்கம் நடக்கும்போது நீங்கள் வாட்ஸ்அப்பில் இருந்தால், மிச்சமிருக்கும் மங்கிய பகுதியைத்தான் சாப்பிடுகிறீர்கள்.

நம் பழைய பந்தி வரிசையை யோசித்துப் பாருங்கள். பருப்பும் நெய்யும், அப்புறம் குழம்பு, அப்புறம் ரசம், கடைசியில் மோர். ஒன்று அலுக்கும் நேரத்தில் அடுத்தது வருகிறது. ஒரே சோறு நாலு தடவை புதுசாகிறது. இங்கே வாழையிலைக் கடைகளில் பலரும் செய்வது வேறு. பரிமாறுகிற அண்ணன் வந்ததும் கோழிக் குழம்பு, மீன் குழம்பு, பருப்பு மூன்றையும் ஒரே தடவையில் சோற்றின் மேல் ஊற்றச் சொல்கிறோம். நாசி கண்டார் கடையில் "பஞ்சிர்" கேட்டு எல்லாக் குழம்பையும் வெள்ளமாக ஊற்றி வாங்குவது தனிச் சுவை, அதைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் பிடிக்கும். ஆனால் அப்படிக் கலந்துவிட்டால் முதல் வாய்க்கும் கடைசி வாய்க்கும் ருசி ஒன்றுதான். வாழையிலையில் உட்காரும் நாளில் மட்டும் சோற்றை மூன்று பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குழம்பு வாங்கிப் பாருங்கள்.

என்னுடைய ஐந்து கவளம் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். உங்களுடையது வேறாக இருக்கலாம். முதல் கவளம் வெறும் சோறு, ஒரு கல் உப்போடு. சூடான சோறு பட்டு வாழையிலை லேசாக வதங்கும்போது ஒரு வாசம் வரும், அதை முகர்ந்துவிட்டுத்தான் வாயில் வைப்பேன். வெறும் சோற்றை நன்றாக மென்றுகொண்டே இருந்தால் அது மெல்ல இனிக்கும். நம் எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி, சோற்றின் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கத் தொடங்குவதால் வரும் இனிப்பு அது. சோறு இனிக்கும் என்பதே பல பேருக்குத் தெரியாது. முதல் தடவை அதை உணர்ந்தவர்கள் முகம் மாறுவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது பருப்பு. மூன்றாவது பாகற்காய் வறுவல், அதுவும் தனியாக, சோற்றோடு சேர்க்காமல். கடிக்கும்போது வரும் சத்தத்தைக் கேளுங்கள், மொறுமொறுப்பு என்பதில் காதுக்கும் பங்கு உண்டு. முதலில் எண்ணெயும் உப்பும் தெரியும், கசப்பு பின்னால் நின்று நிதானமாக வரும். நான்காவது குழம்பு. ஐந்தாவது, அன்று இலையில் உங்களுக்கு எது மிகவும் பிடித்ததோ அது. பொரித்த மீனைக் கடைசியில் சாப்பிடலாம் என்று ஓரமாக ஒதுக்கி வைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. சின்ன வயதில் எனக்கும் இருந்தது. அதை விட்டுவிடுங்கள். கடைசியில் பசி போயிருக்கும். பிடித்த பண்டத்தை நல்ல பசியோடு சாப்பிடுவதுதான் அதற்குக் கொடுக்கும் மரியாதை.

சம்பாலையும் மோர் மிளகாயையும் இந்த ஐந்தில் நான் சேர்ப்பதில்லை. காரத்தை நாக்கின் சுவை மொட்டுகள் உணர்வதில்லை. சூட்டை உணரும் நரம்பு ஏற்பியை மிளகாயின் கேப்சைசின் தட்டி எழுப்புவதால்தான் எரிகிறது. அந்த ஏற்பியைக் கண்டுபிடித்ததற்காக டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. வாய் எரியத் தொடங்கிவிட்டால் பருப்பின் மென்மையான ருசி மேலே எழும்பாது. எனவே காரம் ஆறாவது கவளத்துக்குப் பிறகு. எரிந்தால் தண்ணீர் குடித்துப் பயனில்லை, கேப்சைசின் தண்ணீரில் கரையாது. தயிரும் மோரும் நன்றாகக் கேட்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. நம் அறுசுவையில் காரமும் துவர்ப்பும் இருக்கின்றன. அறிவியல் இந்த இரண்டையும் நாக்கின் சுவையாகக் கணக்கில் எடுப்பதில்லை. துவர்ப்பு, எச்சிலின் புரதங்களைப் பிடித்து இழுப்பதால் வாயில் வரும் ஒரு வறட்சி, வாழைப்பூவிலும் பாக்கிலும் தெரியுமே, அது. ஆனால் சாப்பிடுகிறவருக்கு அது தனியாகத் தெரிகிறது, அதைக் கவனித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். உமாமியை ஜப்பானில் கிகுனாயே இகேடா 1908-இல் இனம் கண்டு பெயரிட்டார். நாம் பெயர் வைக்காவிட்டாலும் கருவாட்டிலும் தக்காளியிலும் அதைச் சாப்பிட்டுக்கொண்டேதான் இருந்தோம். இந்த நாட்டுக்கு வந்து பெலாச்சான் (இறால் விழுது) சம்பால் பழகிய பிறகு இன்னும் கூடுதலாகச் சாப்பிடுகிறோம். ஒரு நாள் ஐந்து கவளத்தில், இலையில் இருப்பது எந்தெந்தச் சுவை என்று தேடிப் பாருங்கள். துவர்ப்பைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

சரி, பசிக்கு வருவோம். நீங்கள் எழுதாத ஒன்றை நான் ஊகிக்கிறேன். காலை பத்தரைக்கு ஒரு தே தாரிக், கூடவே ஒரு கறிப்பாப் அல்லது இரண்டு வடை உண்டா? இருந்தால், ஒரு மணிக்குச் சாப்பிட உட்காரும்போது உங்களுக்குப் பசியே இல்லை, நேரம்தான் வந்திருக்கிறது. மிஷேல் கபனாக் என்ற உடலியல் அறிஞர் 1971-இல் எழுதியது இது: ஒரே இனிப்பு, பசித்தவருக்கு இன்பமாகவும் வயிறு நிறைந்தவருக்குத் திகட்டலாகவும் படுகிறது. பண்டம் மாறவில்லை, உடம்பின் தேவை மாறியிருக்கிறது. என் பாட்டி எஸ்டேட்டில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் போய், வேலை பாதி முடிந்த பிறகு, மரத்தடியில் உட்கார்ந்து பழைய சோறும் சுட்ட கருவாடும் சாப்பிடுவார். எண்பது வயதிலும் அந்தச் சோற்றின் ருசியைப் பற்றிப் பேசுவார். வறுமையைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் வாழ்க்கை கடினமானது, இன்னும் நல்ல சோறு அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும். ஆனால் ருசி ஏன் அவ்வளவு இருந்தது என்பதற்குக் காரணம் பசி. தைப்பூச விரதம் முடிந்து சாப்பிடும் முதல் சாப்பாடும், புரட்டாசி கழிந்து வரும் முதல் கோழிக் குழம்பும் உங்களுக்கே தெரியும்.

அதனால் இரண்டு வாரத்துக்குப் பத்தரை மணி வடையை நிறுத்திப் பாருங்கள். தேநீர் வேண்டுமானால் தே ஓ கோசோங், சர்க்கரையோ பாலோ இல்லாமல். ஒரு மணிக்கு வயிறு தானாகக் கூப்பிடும். கை நடுங்கும் அளவுக்குப் பசியை வளர்க்கவும் வேண்டாம். அப்படிப் பசித்தால் முதல் ஐந்து கவளமும் என்னவென்று தெரியாமல் உள்ளே போய்விடும்.

ஐஸ் பானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இனிப்பை உணரும் அமைப்பு வெதுவெதுப்பில் நன்றாக வேலை செய்யும், குளிரில் மங்கும். ஐஸ் போட்ட பானத்தில் அதே இனிப்பு தெரிய வேண்டுமென்றால் கூடுதலாகச் சர்க்கரை போட வேண்டும். சாப்பாட்டோடு தே ஐஸோ சீராப்போ குடித்தால், நாக்கும் குளிர்ந்து, பெரிய இனிப்புக்குப் பழகி, சோற்றின் சின்ன இனிப்பு தெரியாமல் போகும். சாப்பிடும்போது சுடுதண்ணீரோ சாதாரணத் தண்ணீரோ போதும்.

ஹேண்ட்போன் விஷயம். உங்கள் வலது கை சோறு பிசைகிறது, இடது கை போனைப் பிடித்திருக்கிறது, கண் திரையில். கை தன்பாட்டில் வாய்க்குப் போய்வருகிறது. கவனம் வேறெங்கோ இருக்கும்போது உண்பதைப் பற்றி நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் ஒரு பகுப்பாய்வு வெளிவந்தது. கவனம் சிதறினால் அந்த வேளையில் கூடுதலாகச் சாப்பிடுகிறோம் என்பதோடு, அடுத்து சாப்பிடும்போது இன்னும் கூடுதலாகச் சாப்பிடுகிறோம் என்றும் அதில் தெரிந்தது. சாப்பிட்டது நினைவில் சரியாகப் பதியாததுதான் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. உங்கள் நாலு மணி வாய்த்தேடலுக்கு விடை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் சூசன் ஹிக்ஸ், அன்றைய மதிய உணவை நினைத்துப் பார்க்கச் சொன்ன பிறகு தின்பண்டம் கொடுத்துப் பார்த்தார். நினைத்துப் பார்த்தவர்கள் குறைவாகத்தான் தின்றார்கள். நீங்களும் நாலு மணிக்கு பிஸ்கட் டின்னைத் திறக்கும் முன், இலையில் என்னென்ன இருந்தது என்று மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். ஐந்து கவளத்தைக் கவனித்த நாளில் இது எளிதாக வரும். அதன் பிறகும் பசித்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள், அது உண்மையான பசி.

போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தால் போதாது, பையில் போடுங்கள். இடது கை சும்மா இருக்கட்டும். வலது கை விரல் நுனியில் கவளத்தின் சூட்டையும் பதத்தையும் உணருங்கள். கரண்டியில் சாப்பிடுகிறவர்களுக்குக் கிடைக்காத ஒரு முன்னறிவிப்பு அது, வாய்க்கு முன்னால் விரல் ருசி பார்க்கிறது.

"ஒரு மணிக்கு பிரிக்பீல்ட்ஸ் கடையில் இடத்துக்கு ஆள் நின்றுகொண்டிருப்பார்களே, எப்படி நிதானமாகச் சாப்பிடுவது?" என்பீர்கள். நியாயம்தான். முதுகுக்குப் பின்னால் யாரோ நாற்காலிக்காகக் காத்திருக்கும்போது எனக்கும் சோறு இறங்காது. முடிந்தால் பன்னிரண்டே காலுக்கோ இரண்டு மணிக்கோ போங்கள். பல அலுவலகங்களில் வெள்ளிக்கிழமை தொழுகைக்காக இடைவேளை நீளும், பயிற்சிக்கு அந்த நாள் நல்லது. தாப்பாவ் வாங்கி மேசையில் சாப்பிடும் நாளில் பொட்டலத்திலிருந்து நேராகச் சாப்பிடாமல் ஒரு தட்டில் கொட்டிக்கொள்ளுங்கள், அப்பளத்தையும் வறுவலையும் தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள், ஆவியில் நமத்துப்போகாமல் இருக்கும். கம்ப்யூட்டர் திரையை அணைத்துவிடுங்கள்.

முதல் ஐந்து போக இன்னும் ஒரே ஓர் இடத்தில் நிற்க வேண்டும். சோற்று வாளியோடு அண்ணன் இரண்டாவது தடவை வருவார். "சோறு?" என்பார், நாம் யோசிக்காமல் தலையாட்டுவோம். வயிறு விரிவதை நரம்பு சொல்லும், குடலிலிருந்து சுரக்கும் ஹார்மோன்களும் சொல்லும், ஆனால் அந்தச் செய்தி முழுசாக மூளைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகும். நீங்கள் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறீர்கள். செய்தி வரும்போது நீங்கள் லிஃப்டில் இருப்பீர்கள். அதனால் இலைக்கு மேல் கையைக் காட்டி, "கொஞ்ச நேரம் கழிச்சு வாங்க அண்ணே" என்று சொல்லுங்கள். கொஞ்சம் ரசம் வாங்கிக் குடியுங்கள். அதன் பிறகும் வேண்டுமென்றால் வாங்குங்கள், குற்ற உணர்ச்சி எதுவும் வேண்டாம்.

எடை குறையுமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சிலருக்குக் குறைகிறது, பலருக்குக் குறைவதில்லை. ஆய்வு முடிவுகளும் கலந்தே இருக்கின்றன. கட்டுப்பாடில்லாமல் அள்ளித் தின்னும் பிரச்சினை உள்ளவர்களுக்கு ஓரளவு நல்ல பலன் தெரிகிறது. எடைக்காக இதைத் தொடங்கினால் இரண்டு வாரத்தில் தராசைப் பார்த்துச் சலித்து விட்டுவிடுவீர்கள். ருசிக்காகத் தொடங்கினால் முதல் நாளே கூலி கிடைத்துவிடும். சாப்பாட்டைப் பார்த்தாலே பயம், ஒவ்வொரு வாய்க்கும் கணக்குப் பார்ப்பது போன்ற தொல்லை இருப்பவர்கள் மட்டும் தாங்களாக இதில் இறங்காமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர்களுக்குக் கவனம் ஏற்கெனவே கூடுதல்.

இனி அம்மா. 2019-இல் நம் மலேசிய சுகாதார அமைச்சு நடத்திய தேசியக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். ஆகவே உங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற கதை இல்லை. அம்மா தாராளமாக இதைச் செய்யலாம், ஆனால் என் வரிசை அவருக்கு வேண்டாம். அவர் முதலில் காய்கறி, பிறகு மீனோ முட்டையோ பருப்போ, கடைசியில் சோறு. 2015-இல் நியூயார்க்கில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், இந்த வரிசையில் சாப்பிட்டபோது உணவுக்குப் பின் சர்க்கரை ஏறுவது நன்றாகக் குறைந்தது. அளவுக்கு அமைச்சு சொல்லும் "சூக்கு சூக்கு செபாரு" கணக்கு எளிது: தட்டில் கால் பாகம் சோறு, கால் பாகம் மீன் அல்லது இறைச்சி, பாதி காய்கறியும் பழமும். கவனித்துச் சாப்பிடுவது இந்த அளவுக்கு மாற்று ஆகாது, மாத்திரைக்கும் மாற்று ஆகாது.

ஒரு எச்சரிக்கை, இதை அம்மாவிடம் கட்டாயம் சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடுகிறவரோ, கிளிக்லசைடு போன்ற மாத்திரை எடுப்பவரோ, "வயிறு நிறைந்த மாதிரி இருக்கு" என்று பாதிச் சோற்றோடு எழுந்துவிடக் கூடாது. மருந்து உள்ளே போயிருக்கும், சோறு போயிருக்காது, சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். சாப்பிடும் அளவு குறைவதாகத் தெரிந்தால் கிளினிக்கில் சொல்லி மருந்தின் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். மெட்ஃபார்மின் எடுக்கும் சிலருக்கு வாயில் உலோகச் சுவை தட்டும், அதையும் கேட்டுப் பாருங்கள். வயது ஏற ஏற மோப்பம் மங்கும், அதை ஈடுகட்டத்தான் பெரியவர்கள் உப்பைக் கூட்டிக்கொண்டே போவார்கள். உப்புக்குப் பதிலாக வாசனையைக் கூட்டுங்கள். இறக்கும் நேரத்தில் கறிவேப்பிலையும் சீரகமும் தாளித்துக் கொட்டுங்கள், எலுமிச்சை பிழியுங்கள். திடீரென்று ருசியோ வாசனையோ முழுசாகப் போய்விட்டால் அது பயிற்சியால் சரியாகிற விஷயம் இல்லை. யாருக்கானாலும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, மனைவியின் சமையல். முன்பு போல ருசிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மத்தியானம் கடையில் காரமும் எண்ணெயும் இனிப்புப் பானமுமாகச் சாப்பிட்ட நாக்குக்கு வீட்டுச் சமையல் சப்பென்று தெரிவது இயல்பு. மேலே சொன்னதையெல்லாம் செய்தால் அது கொஞ்ச நாளில் திரும்பும். நீங்கள் கேட்காத இன்னொன்றை அவருக்காகச் சொல்கிறேன். அவருக்கும் அந்தச் சாப்பாடு ருசிக்காமல் இருக்கலாம். ஒரே வாசனையில் ஒரு மணி நேரம் நின்றால் மூக்கு அதற்குப் பழகி, உணர்வதையே நிறுத்திவிடும். குழம்பு கொதிக்கும் அடுப்படியில் நின்றவருக்குத் தான் வைத்த குழம்பின் வாசமே தெரியாது. "சமைத்தவுடன் எனக்குச் சாப்பிடவே பிடிக்கலை" என்று சொல்லாத அம்மாக்கள் நம்மிடையே உண்டா? சமைத்து முடித்ததும் பத்து நிமிடம் வெளியே, காற்றில், அவர் போய் உட்காரட்டும். அந்த நேரத்தில் இலை போடுவதையும் தண்ணீர் வைப்பதையும் நீங்கள் பாருங்கள். பிறகு இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து முதல் ஐந்து கவளத்தைச் சாப்பிடுங்கள், தொலைக்காட்சி இல்லாமல். "நல்லாயிருக்கு" என்று பொதுவாகச் சொல்லாமல், கவனித்ததைச் சொல்லுங்கள். இன்றைக்கு ரசத்தில் மிளகு தூக்கலாக இருக்கிறது, கத்தரிக்காய் எண்ணெயில் நன்றாக வதங்கியிருக்கிறது, இப்படி. அப்பளம் பொரிக்க யாராவது எழுந்துபோக வேண்டியிருந்தால், அன்று நீங்கள் எழுந்து போங்கள்.